கடற்குதிரைக்குச் சுழி பார்த்த சபை

கோயமுத்தூரில் அந்தக் காலத்தில் ஒரு சபை இருந்தது. கால்நடை, கைத்தொழில் அபிவிருத்தி சபை என்று பெயர். ஆரம்பத்தில் கால்நடை மட்டும்தான். காங்கயம் காளைக்கும் வண்டிக் குதிரைக்கும் வருஷம் ஒரு தடவை கண்காட்சி வைத்துப் பரிசு கொடுப்பார்கள். பிறகு ஊரெல்லாம் சுதேசிப் பேச்சு வந்தது. கைத்தொழிலையும் சேர்த்துக்கொண்டால் பேர் வரும் என்று யாரோ சொல்ல, பெயர்ப் பலகையில் ஒரு வார்த்தையை நுழைத்தார்கள். வேறு எதையும் மாற்றவில்லை. விதிகள் மாட்டுக்கு எழுதினவை. விண்ணப்பத் தாளும் மாட்டுக்கு அச்சடித்ததுதான், பெட்டி பெட்டியாக மிச்சம் கிடந்தது. அதை வீணாக்க முடியுமா? ஆகையால் துண்டு நெய்தவனும் பாய் பின்னினவனும் பல் எத்தனை, கொம்பு எத்தனை, சுழி சுத்தமா என்று எழுதிக் கொடுத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பவானி நெசவாளி ஒருத்தர் தன் ஜமக்காளத்துக்குக் 'கொம்பு இல்லை, சாது' என்று எழுதினார். அவருக்கு மூன்றாம் பரிசு கிடைத்தது.

இந்தச் சபையின் வாசலில் தேவானந்தம் போய் நின்றதற்குக் காரணம் அவர் மனைவி சூசைமேரி. அவள் செத்து அப்போது ஐந்து மாதம் ஆகியிருந்தது.

தேவானந்தத்துக்குப் புலியகுளத்தில் வீடு. பாதிரிமார் தொழிற்கூடத்தில் சோப்புக் காய்ச்சப் பழகி, பிறகு வீட்டிலேயே காய்ச்சி விற்றார். பொள்ளாச்சித் தேங்காய் எண்ணெய், கடையில் வாங்கின காஸ்டிக் சோடா, அவ்வளவுதான் சரக்கு. செங்கல் மாதிரிக் கட்டி கட்டியாக அறுத்துக் கொடுப்பார். சூசைமேரி தூத்துக்குடிப் பக்கம் கடலோரத்தில் பிறந்தவள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே குறை. "என்ன ஊரு இது, எந்தப் பக்கம் பாத்தாலும் மலைதான் மறிக்குது" என்பாள். பிள்ளை இல்லாத வீடு. கடலைப் பற்றிச் சொல்ல அவளுக்கு நேரம் இருந்தது, கேட்க அவருக்கும் நேரம் இருந்தது.

ஒரு ஐப்பசியில், மழை விட்ட சமயம், குளத்துக் களிமண்ணைக் கூடையில் அள்ளி வந்தாள். பிசைந்து பலகை பலகையாகத் தட்டி, கடலில் கிடப்பதை எல்லாம் அதில் குழித்தாள். நண்டு, சங்கு, ஆமை, திருக்கை, கணவாய், நட்சத்திர மீன், கடற்குதிரை. ஏழு அச்சு. சூளையில் சுட்டு, எண்ணெய் தடவி, காய்ச்சின சோப்பை ஊற்றி மறுநாள் கவிழ்த்தால் கடல் கையில் வந்து விழும். கடற்குதிரைக்குச் சலவை நீலம் கலந்தார்கள். நண்டுக்கு ஈரோட்டு மஞ்சள். மஞ்சள் காஸ்டிக்கில் பட்டதும் சிவந்துபோயிற்று. வெந்த நண்டு அப்படியேதான் இருக்கும் என்று சூசைமேரி கை கொட்டிச் சிரித்தாள்.

கடற்குதிரை அச்சைச் செய்தபோது, மண் ஈரமாக இருக்கையிலேயே, நடுவில் கட்டைவிரலை வைத்து ஒரு அழுத்து அழுத்தினாள். ரேகையோடு குழி விழுந்தது.

"இது என்ன?"

"வயிறு. குதிரை உண்டாயிருக்கு."

"பொட்டைக் குதிரையா?"

"ஆம்பளைக் குதிரை. இந்தச் சாதியில ஆம்பளைதான் புள்ள சுமக்கும்."

"பொய் சொல்லாத புள்ள."

"மாதா மேல சத்தியம். எங்கப்பா வலையில வந்ததை நானே பாத்திருக்கேன். நமக்கும் சாமி அப்படி வச்சிருந்தா, நீங்களாவது ஒண்ணச் சுமந்திருப்பிய."

இரண்டு பேரும் சிரித்தார்கள். அப்புறம் சூசைமேரி அச்சைத் தூக்கி நிழலில் காய வைத்தாள்.

அடுத்த ஆடியில் சபையின் கண்காட்சிக்குப் போனார்கள். மரத்தில் யானை இருந்தது, பித்தளையில் கிளி இருந்தது, சந்தனத்தில் மயில் இருந்தது. "கடலை ஒருத்தரும் வைக்கலியே. வர்ற வருசம் நாம வைப்போம்" என்றாள் சூசைமேரி. மாசியில் காய்ச்சல் வந்தது. எட்டு நாள். போய்விட்டாள்.

அவள் போன பிறகு தேவானந்தம் அந்த ஏழு அச்சிலும் ஒரே ஒரு தடவை ஊற்றினார். ஏழு சோப்பு வந்தது. கடற்குதிரையின் வயிற்றில் சூசைமேரியின் கட்டைவிரல், ரேகை ரேகையாக எழும்பி நின்றது. அதைச் சபையின் மேசையில் வைத்து, பக்கத்தில் அவள் பெயரை எழுதிவைத்து, காட்சி முடிந்ததும் பத்திரமாக வீட்டுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். அவர் ஆசைப்பட்டது அவ்வளவுதான்.

அடுத்த வீட்டு ஆமினா பீவிக்கு இது பிடிக்கவில்லை. சூசைமேரி போன அன்று அவளைக் கடைசியாகக் குளிப்பாட்டியவள் இவள்தான். "ஏன் தம்பி, ஊட்டுல இருக்கறத எதுக்குச் சபைக்காரன் கையில கொண்டுபோய்க் குடுக்கறே? அவனுக தொட்டது எது உருப்படியாத் திரும்பி வந்திருக்குது?" என்றாள்.

"மேரி ஆசப்பட்டாளுங்கக்கா."

ஆமினா பீவி முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு உள்ளே போனாள்.

சபையின் காரியதரிசி சீனிவாசலு மிகவும் மரியாதை தெரிந்த மனிதர். எங்கள் சீமையில் கழுத்தை அறுப்பதானாலும் 'ங்க' போட்டுத்தான் அறுப்பார்கள். அவர் இரண்டு 'ங்க' போடுவார்.

"வாங்க, உக்காருங்க. என்னங்க கொண்டாந்திருக்கீங்க?"

"சோப்புங்க."

"எந்த இனமுங்க?"

"கடல்ல இருக்கற இனமுங்க. நண்டு, ஆமை, குதிரை..."

சீனிவாசலு எழுதிக்கொண்டார். "பல்லு எத்தனைங்க?"

"சோப்புக்கு ஏதுங்க பல்லு?"

"பல் இல்லைன்னு எழுதினாக் கிழடுன்னு தள்ளிப்போடுவாங்க. ரெண்டு பல்லுன்னு போட்டுக்கறனுங்க. உங்க நல்லதுக்குத்தானுங்க. வெக்கை நோய்க்கு ஊசி போட்டாச்சுங்களா?"

"ஏனுங்க, சோப்புக்குங்களா?"

"சோப்புன்னு எனக்குத் தெரியுதுங்க. தாளுக்குத் தெரியாதுங்களே."

ஊசி போட்டதாக எழுதினார்கள். அப்புறம் சீனிவாசலு ஏழு சோப்பையும் மேசையில் வரிசையாக நிறுத்திப் பார்த்துவிட்டு, "தாய் எங்கீங்க?" என்றார்.

"எந்தத் தாயிங்க?"

"கன்னை மட்டும் ஓட்டியாந்தாச் சேத்துக்க மாட்டமுங்க. தாயோட ஓட்டியாரோணும். எட்டாவது விதி. திருட்டுக் கன்னா இருந்துபோட்டா நாங்க யாருக்குப் பதில் சொல்றதுங்க? இது எதுல இருந்து பொறந்துதுங்க?"

"அச்சுல இருந்துங்க."

"அப்ப அதுதானுங்க தாயி. ஏழையும் கொண்டாந்து ஒப்படைச்சுப்போடுங்க."

தேவானந்தத்துக்கு அச்சைக் கொடுக்க மனசில்லை. ஆனாலும் மறுநாள் ஏழு அச்சையும் சாக்கில் சுற்றி, குழந்தையைத் தூக்குவது மாதிரித் தூக்கிக்கொண்டு போனார். கொடுக்கிறபோது கேட்டார்: "இதைச் செஞ்சது என்ற ஊட்டுக்காரிங்க. சூசைமேரின்னு பேரு. மாசியில தவறிப்போனா. அந்தப் பேரை மேசையில எழுதி வைக்கோணுமுங்க."

சீனிவாசலு உண்மையாகவே வருத்தப்பட்டார். "அடடா. பாவமுங்க. ஆனா ஒம்பதாவது விதி இருக்குதுங்களே. காட்சியில நிக்கறது உசுரோட நிக்கோணும். இன்னிக்கு உங்க சம்சாரத்துக்கு எடங்குடுத்தா, நாளைக்குச் செத்த மாட்டுக்குப் பரிசு கேட்டு ஒருத்தர் வருவாருங்க."

சபையின் தலைவர் ராவ்சாகிப் திருமூர்த்தி. பட்டம் கிடைத்த நாளிலிருந்து அவர் தலைப்பாகையைத் தூங்கும்போதுதான் கழற்றுவார் என்று சொல்வார்கள். பார்த்தவர் யாரும் இல்லை. அவர் சோப்புகளைப் பார்வையிட்டு, "கடல் சோப்புன்னா கடல் தண்ணியில நொரைக்கோணுமல்ல?" என்றார். எல்லோரும் ஆமாம் என்றார்கள். ஆனால் கோயமுத்தூரில் கடலுக்கு எங்கே போவது?

"கடல் இல்லாதது நம்ம தப்பு இல்லே. அதுக்காகப் பரீட்சையை விட முடியுமா?" என்றார் ராவ்சாகிப்.

மாடு தண்ணி குடிக்கிற கல்தொட்டியில் சிறுவாணித் தண்ணீரை நிரப்பி, உப்பைக் கொட்டினார்கள். எவ்வளவு கொட்டுவது என்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடல் எத்தனை உப்பு என்று ஒன்றரை மணி நேரம் வாதாடினார்கள். கடைசியில் சமையல்காரரைக் கூப்பிட்டார்கள். அவர் ஒரு கை அள்ளி நாக்கில் விட்டு, "ரசத்துக்குச் சரியா இருக்குதுங்க" என்றார். சமுத்திரத்தின் உப்பு ரசத்தின் உப்புக்குச் சமம் என்று சபை ஏகமனதாகத் தீர்மானம் போட்டு எழுதிக்கொண்டது. தேவானந்தத்தைக் கேட்டிருந்தால் தேங்காய் எண்ணெய்ச் சோப்பு உப்புத் தண்ணியிலும் நுரைக்கும் என்று சொல்லியிருப்பார். கேட்கவில்லை. ஆமையை எடுத்து நாலு பேர் மாறி மாறித் தேய்த்தார்கள். நுரைத்தது. ராவ்சாகிப் திருப்தி என்றார். ஆமைக்கு ஓடு போய்விட்டது.

தேவானந்தம் அதைத் துண்டில் துடைத்து வைத்தார். ஆமைதானே, போகட்டும். குதிரை இருக்கிறது என்று மனசைத் தேற்றிக்கொண்டார்.

மறுநாள் குதிரையின் முறை வந்தது.

குதிரை என்றால் சபையில் நஞ்சுண்டனைக் கேட்காமல் எதுவும் நடக்காது. நஞ்சுண்டன் மாட்டுக்கும் குதிரைக்கும் தரகர். ஒரு உருப்படியின் உடம்பில் மயிர் எங்கே சுழித்திருக்கிறது என்று பார்த்தே, அதை வாங்குகிறவன் குடும்பம் வாழுமா கெடுமா என்று சொல்லிவிடுவார். அவர் சொல்லுக்குப் பயந்து நல்ல குதிரைகளை ஜனங்கள் அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட்டிருக்கிறார்கள். தள்ளினதை யார் வாங்கினார்கள் என்று நான் சொல்லத் தேவையில்லை.

அவர் நீலக் கடற்குதிரையை உள்ளங்கையில் வைத்துத் திருப்பினார். கழுத்தைத் தடவினார். முதுகைத் தடவினார். கால் இல்லாததைப் பற்றி அவர் ஒன்றும் சொல்லவில்லை. வயிற்றுக்கு வந்ததும் நிறுத்தி, வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, சட்டென்று மேசைமேல் வைத்தார்.

"ஏனுங்க, இதுக்கு வயித்துல சுழி இருக்குதுங்க."

எல்லோரும் எழுந்து நின்றார்கள்.

"வட்டம் வட்டமாச் சுத்திச் சுத்தி இருக்குது பாருங்க. பொல்லாத சுழிங்க. இது நிக்கற ஊட்டுல பொண்டாட்டி தங்க மாட்டாங்க." தேவானந்தத்தின் பக்கம் திரும்பினார். "உங்க ஊட்டுல எப்படிங்க?"

தேவானந்தம் மேசைமேல் கிடந்த குதிரையைப் பார்த்தார். "தங்கலீங்க" என்றார்.

"பாத்தீங்களா!" என்றார் நஞ்சுண்டன்.

சபையே 'ஹா' என்றது. ராவ்சாகிப் தலைப்பாகையைத் தொட்டுக்கொண்டார். சீனிவாசலு பேனாவை மையில் தோய்த்தார்.

"சாமி, அது சுழி இல்லீங்க" என்றார் தேவானந்தம். "அது அவ வெரலுங்க. கட்டவெரல வச்சு அமுக்குனாளுங்க. வயிறு வேணுமின்னு. அந்தக் குதிரையில ஆம்பளைதான் சுமக்குமுங்களாம்..."

"ஆம்பளைக் குதிரை உண்டாயிருக்குதா?" ராவ்சாகிப் குரல் ஏறியது. "சீனிவாசலு, பொம்பளைங்க வந்து போற எடம் இது. அதையும் எழுதுங்க."

நஞ்சுண்டன் தலையை ஆட்டினார். "அந்தம்மாளே அவங்க கையால சுழியப் போட்டுக்கிட்டாங்க. விதியப் பாருங்க."

அங்கேயே தீர்மானமாயிற்று. தாயின் வயிற்றில் இருக்கிற குழியைச் சுண்ணாம்பு வைத்து அடைத்துவிட்டு, சுழியில்லாத புதுக் குதிரை ஒன்றை ஊற்றிக் காட்சியில் நிறுத்துவது. சுழியுள்ள பழைய குதிரையையும் மற்ற ஆறையும் ஆபீசில் அத்தாட்சிக்கு வைத்துக்கொள்வது. காட்சிக்கு ஏழும் புதிதாகவே ஊற்றிக்கொள்ளலாம்.

தேவானந்தம் கை கூப்பினார். அவர் கோயிலைத் தவிர வேறெங்கும் கை கூப்பினது கிடையாது. "எனக்குக் காட்சியே வேண்டாமுங்க. பரிசு வேண்டாமுங்க. அச்சைக் குடுத்துப்போடுங்க, நான் எடுத்துக்கிட்டு இப்படியே போயர்றனுங்க."

"மனசு சங்கடந்தானுங்க, எங்களுக்குத் தெரியாதுங்களா?" என்றார் சீனிவாசலு. "ஆனா பன்னெண்டாவது விதி இருக்குதுங்க. தாள் எழுதின உருப்படியக் காட்சி முடியாம அவுத்துக்கிட்டுப் போகப்படாதுங்க."

கொத்தனார் வந்தார். சுண்ணாம்பைக் குழைத்துக்கொண்டு அச்சைத் தொட்டுப் பார்த்தவர் தயங்கினார். "எண்ணெய் ஊறின மண்ணுங்க இது. சுண்ணாம்பு ஒட்டாதுங்களே?"

"ஒட்டோணும்னு தீர்மானத்துல இல்லீங்க. அடைச்சாப் போதுமுங்க" என்றார் சீனிவாசலு.

கொத்தனார் ஒரு தடவை தேவானந்தத்தின் முகத்தைப் பார்த்தார். பிறகு கரண்டியைப் பார்த்துக்கொண்டே வேலையை முடித்தார். குழி மூடிற்று. மேலே வழுவழுவென்று இழைத்தாகிவிட்டது.

காட்சி நடந்தது. ஏழு புதுச் சோப்பும் மேசையில் இருந்தன. மேலே 'நீர்வாழ் கால்நடைகள்' என்று பலகை. கீழே 'உடையவர்: தேவானந்தம். பல்: இரண்டு'. குதிரைக்கு வயிறு ஒட்டிப் பட்டினி கிடந்த மாதிரி இருந்தது. ஜனங்கள் பார்த்தார்கள், சிரித்தார்கள், போனார்கள். தேவானந்தம் பத்து நாளும் ஓரமாக நின்றார். பத்து நாளில் ஒருத்தர்கூட அதைச் செய்தது யார் என்று கேட்கவில்லை. கேட்டால் சொல்லலாம் என்றுதான் அவர் நின்றார்.

கடைசி நாள் ராவ்சாகிப் பிரசங்கம் செய்தார்.

"மகாஜனங்களே! நான் கடலைப் பார்த்ததில்லை. பார்க்க வேண்டிய அவசியமும் எனக்கு ஏற்பட்டதில்லை. பார்த்த விஷயத்தில் யார் வேண்டுமானாலும் தீர்ப்புச் சொல்லலாம். பார்க்காத விஷயத்தில் தீர்ப்புச் சொல்லத் தைரியம் வேண்டும். அந்தத் தைரியம் நம் சபைக்கு உண்டு. இந்தத் தொழிலாளி ஒரு குதிரையோடு நம்மிடம் வந்தார். அதற்குக் குடும்பத்துக்கு ஆகாத சுழி இருந்தது. நாம் ஒரு சல்லி வாங்காமல் அதை நீக்கிக் கொடுத்தோம். பாவம், இவர் மனைவி இறந்த பிறகுதான் நம்மிடம் வந்தார். ஒரு வருஷம் முன்னால் வந்திருந்தால் அந்த அம்மாளையும் நாம் காப்பாற்றியிருப்போம்!"

கைதட்டல் அடங்க வெகுநேரம் ஆயிற்று. சுழி சுத்தமான குதிரைக்கு முதல் பரிசு. ஒரு கடிவாளக் கயிறு, ஒரு வெண்கல மணி. மணியை ராவ்சாகிப் தம் கையாலேயே தேவானந்தத்தின் கழுத்தில் மாட்டப் பார்த்தார். பிறகு என்ன நினைத்தாரோ, கையில் கொடுத்தார்.

விருந்து முடிந்த பிறகு தேவானந்தம் ஆபீசுக்குப் போனார். சீனிவாசலு அச்சுகளை எண்ணிக் கொடுத்துக் கையெழுத்து வாங்கினார்.

"அந்த ஏழு சோப்பும் எங்கீங்க? அத்தாட்சிக்கு வச்சிருந்தீங்களே?"

"ஓ, அதுங்களா? பாயசத்துல நெய் கொஞ்சம் தாராளமுங்க. கைப் பிசுக்குப் போகலைன்னு எல்லாருங் கேட்டாங்க. சோப்புன்னா அதுக்குத்தானுங்களே? குழாயடியில குடுத்தனுப்பிச்சேன்." அவர் முகம் மலர்ந்தது. "அருமையான சோப்புங்க. ஒருத்தருங் குறை சொல்லலீங்க."

அதற்குப் பல் கேட்டார்கள், ஊசி கேட்டார்கள், தாயைக் கேட்டார்கள். சோப்பு என்று மட்டும் ஒத்துக்கொள்ளவில்லை. கை கழுவுகிறபோது ஒத்துக்கொண்டார்கள்.

குழாயடியில் எச்சில் தண்ணீர் தேங்கிக் கிடந்தது. அதில் ஒரு ஓரம் நீலம் ஓடியிருந்தது. தேவானந்தம் குனிந்து தடவிப் பார்த்தார். நகத்துண்டு அளவுக்கு ஒரு சில்லு கிடைத்தது. சுருட்டின வால். வயிறு இல்லை.

பொழுது சாயும் முன்னே வீட்டுக்கு வந்துவிட்டார். சோப்புக் காய்ச்சும் அண்டாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சாக்கைப் பிரித்தார். குதிரை அச்சை மடியில் வைத்துக்கொண்டு, உள்ளே போய் சூசைமேரியின் கொண்டை ஊசி ஒன்றை எடுத்து வந்து, சுண்ணாம்பின் விளிம்பில் நுழைத்து மெதுவாக நெம்பினார். கொத்தனார் சொன்னது சரிதான், ஒட்டவில்லை. பொசுக்கென்று ஒரே துண்டாக எகிறி வந்தது.

குழியைப் பார்த்தார். மொழுக்கென்று இருந்தது. ஊறின மண்ணின் மேல்தோல் அத்தனையும் சுண்ணாம்பு பட்டுப் பொடியாக உதிர்ந்து போயிருந்தது. இனி அந்த அச்சில் எத்தனை தடவை ஊற்றினாலும் ரேகை வராது.

அப்புறம் கையில் இருந்த சுண்ணாம்பைத் திருப்பினார்.

ஆமினா பீவி வேலியோரம் வந்து நின்றாள். "வந்துட்டியா தம்பி? மணிச் சத்தம் கேட்டுது, மாடு ஏதோ வாங்கியாந்துட்டேன்னு நெனச்சேன். பரிசு குடுத்தாங்களா?"

"குடுத்தாங்கக்கா. கவுறும் மணியும்."

"உனக்கெதுக்குக் கவுறு? உன்னைக் கட்டறதுக்கா?" என்று சிரித்தவள், அவர் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டாள். கிட்டே வந்தாள். "கையில என்னது அது?"

தேவானந்தம் உள்ளங்கையை விரித்துக் காட்டினார். வெள்ளை வெளேரென்று ஒரு கட்டைவிரல் நுனி. ரேகை ஒன்றும் தப்பவில்லை. பக்கவாட்டில் காஸ்டிக் பட்டு வெந்த பழைய தழும்புகூட இருந்தது.

ஆமினா பீவி அதை எடுக்கவில்லை. ஒரு விரலால் மட்டும் தொட்டாள். அவளுக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"சில்லுன்னு இருக்குதே தம்பி" என்றாள்.

"ஆமாங்கக்கா" என்றார் தேவானந்தம். "அன்னிக்கும் இப்படித்தான் இருந்துச்சு."